ஐந்து கார்டும் ஒரு மாமனாரும்

சாம்பியன் ரீப்ஸில், மூடிப்போன தங்கச் சுரங்கத்தின் தொழிலாளர் வரிசையில், பாக்கியராஜ் குடியிருந்த மைன் குவார்ட்டர்ஸ் வீடு மொத்தமே ஒன்றரை அறை. அந்த ஒன்றரை அறையில் ஐம்பத்தைந்து அங்குல டிவி ஒன்று ஒரு சுவரை முழுக்க அடைத்துக்கொண்டு நின்றது. இருந்த ஒரே ஜன்னலும் அதன் பின்னால் போய்விட்டதால் பகலிலும் லைட் போட வேண்டியிருந்தது. உள்ளே உட்கார்ந்து பார்த்தால் திரையில் மனித முகம் தெரியாது, மூக்கு தனியாக, காது தனியாகத் தெரியும். அதனால் குடும்பமே வாசலுக்கு வெளியே நாற்காலி போட்டுப் படம் பார்த்தது. அந்த வரிசை வீடுகளில் இருந்தவர்களும் கூடவே பார்த்தார்கள். பாக்கியராஜுக்கு அதில் பரம திருப்தி. கார்டில் வாங்கியது என்று கேட்காதவர்களுக்கும் சொல்வான்.

கார்டு என்றால் ஒன்றல்ல, ஐந்து. முதல் கார்டு வந்த கதை கொஞ்சம் பரிதாபமானது. பெங்களூரில் பெரிய ஐடி கம்பெனி வளாகம் ஒன்றில் அவன் ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசர். விடியற்காலை ரயிலைப் பிடித்துப் போய், நாள் முழுக்க எட்டு மாடிக் கழிவறைகளின் சுத்தத்துக்குப் பொறுப்பேற்று, சாயங்கால ரயிலில் நசுங்கித் திரும்பி வருபவன். சம்பளம் முப்பத்தி நாலாயிரம். ஒருநாள் அந்த வளாகத்தின் கீழ்த்தளத்தில் ஒரு பேங்க் மேசை போட்டிருந்தது. கழுத்தில் டை கட்டிய ஒரு பெண் அவனைப் பார்த்து, "சார், ஒரு நிமிஷம் சார்" என்றாள். ஒன்பது வருஷத்தில் அந்தக் கட்டடத்துக்குள் அவனை யாரும் சார் என்று கூப்பிட்டதில்லை. ஒரு நிமிஷம் என்ன, அவன் அரை மணி நேரம் நின்றான். எட்டு இடத்தில் கையெழுத்துப் போட்டான்.

அடுத்த நான்கு கார்டுகளும் முதல் கார்டைப் பார்த்துத் தானாகவே வந்து சேர்ந்தன.

மாதப் பில்லில் இரண்டு தொகை போட்டிருப்பார்கள். மேலே மொத்தப் பாக்கி, கீழே குறைந்தபட்சம் கட்ட வேண்டியது. பாக்கியராஜ் மேலே இருப்பதைப் பார்க்கவே மாட்டான். கீழே இருக்கும் சின்னத் தொகையைத் தன் யோக்கியதைக்கு பேங்க் கொடுத்த தள்ளுபடி என்று எடுத்துக்கொண்டு, அதைத் தேதி தவறாமல் கட்டிவிட்டு, "நம்ம ரெகார்டு சுத்தம்" என்று ரயிலில் சொல்லிக்கொண்டு வருவான். மிச்சத் தொகைக்கு மாதம் மூன்றரை வட்டி. ராபர்ட்சன்பேட்டை அடகுக் கடையில் யாராவது மூன்றரை வட்டி கேட்டிருந்தால் அவன் தெருவில் நின்று கத்தியிருப்பான். பில்லில் நல்ல வழவழப்பான எழுத்தில் அச்சடித்துக் கேட்டதால் பேசாமல் கொடுத்தான்.

மகள் சோனியாவின் பிறந்தநாளுக்கு ராபர்ட்சன்பேட்டையில் ஹால் பிடித்தான். மூன்று அடுக்கு கேக். மச்சினன் கல்யாணத்துக்கு வாஷிங் மெஷின். தனக்கு ஒரு புல்லட். அது ரயில்வே ஸ்டேஷன் வரைக்கும் போவதற்கு. வீட்டிலிருந்து ஸ்டேஷனுக்கு நடந்தால் ஏழு நிமிஷம். ஒரு கட்டத்தில் ஒரு கார்டில் பணம் எடுத்து இன்னொரு கார்டுக்குக் கட்ட ஆரம்பித்தான். இந்த வித்தையைத் தானே கண்டுபிடித்ததாக நினைத்தான். ஐந்து கார்டும் சேர்ந்து நாலு லட்சத்து இருபதாயிரத்தில் வந்து நின்றபோது, குறைந்தபட்சம் மட்டும் கட்டவே மாதம் இருபத்தோராயிரம் தேவைப்பட்டது. வித்தை அங்கே முட்டிக்கொண்டது.

அவன் மனைவி ஷோபா ராபர்ட்சன்பேட்டையில் ஒரு தனியார் பள்ளி ஆபீசில் கிளார்க். பதினாலாயிரம் சம்பளம். மூன்று வருஷமாக வீடு தன் சம்பளத்திலேயே ஓடுகிறதே, அவன் சம்பளம் எங்கே போகிறது என்று அவளுக்குச் சந்தேகம் இருந்தது. கேட்டால், "எல்லாம் இன்வெஸ்ட்மென்ட்ல போட்டு வெச்சிகிறேன்" என்பான்.

அந்தச் சமயத்தில்தான் ரூபேஷ் வந்தான். அதே ரயில் பெட்டியில் வருபவன், ஒரு பேங்கில் லோன் விற்கும் வேலை.

"அண்ணா, அஞ்சு கார்டுக்கும் நாப்பத்திரெண்டு பர்சென்ட் கட்டிகினு கீறீங்க. நான் பதினெட்டு பர்சென்ட்ல ஒரே லோன் வாங்கித் தரேன். அஞ்சையும் மூடிட்டு ஒன்னே ஒன்னு கட்டுங்க."

"மாசம் எவ்ளோ வரும்?"

"நாலரை லட்சத்துக்கு அஞ்சு வருஷம் போட்டா பதினொன்னாயிரத்து நானூத்து சொச்சம்."

பாக்கியராஜுக்கு இருபத்தோராயிரத்திலிருந்து பதினொன்று போனால் மிச்சம் பத்தாயிரம் என்று மட்டும் கணக்கு வந்தது. அறுபது மாதத்தைப் பெருக்கிப் பார்க்கும் கணக்கு வரவில்லை. அதற்காக அவனைக் குறை சொல்ல முடியாது. பெருக்கிப் பார்த்திருந்தாலும் அந்த லோன் கார்டுகளைவிட எவ்வளவோ மேல். ரூபேஷ் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. போகிற போக்கில் ஒன்று மட்டும் சேர்த்துச் சொன்னான்: "கார்ட கேன்சல் பண்ணிடுங்க அண்ணா." பாக்கியராஜ் தலையாட்டினான். விண்ணப்பத்தில் ரெஃபரன்ஸ் என்று ஒரு உறவினர் பெயரும் விலாசமும் கேட்டிருந்தது. சொந்த அப்பா மைன் மூடின வருஷமே காலமாகிவிட்டதால், அதே சுரங்க ஊரில் கொஞ்சம் தள்ளி பாலகாட்டில் இருக்கும் மாமனார் வாசுவின் பெயரை எழுதினான். வாசுவிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவர் ஒத்துக்கொண்டிருக்க மாட்டார்.

லோன் பணம் வந்தது. பேங்க் தன் கட்டணத்தையும், கேட்காத ஒரு இன்சூரன்சையும் பிடித்துக்கொண்டு மிச்சத்தைத் தந்தது. ஐந்து கார்டும் ஒரே நாளில் பூஜ்யமாகின. அன்றைக்கு பாக்கியராஜ் பட்ட ஆனந்தம் கடனே வாங்காத ஒருவனுக்கு வாழ்நாளில் கிடைக்காது. போனில் ஐந்து பூஜ்யங்களையும் திரும்பத் திரும்பத் திறந்து பார்த்தான். ஒரு கார்டு கம்பெனி அவனுடைய நல்ல நடத்தையைப் பாராட்டி வரம்பை முப்பதாயிரம் கூட்டியிருப்பதாகச் செய்தி அனுப்பியது. இப்படி மதிக்கிற இடத்தை விட்டுக்கொடுப்பது மரியாதையில்லை என்று அவனுக்குத் தோன்றியது. கார்டுகளை ரத்து செய்யவில்லை. அவசரத்துக்கு இருக்கட்டும் என்று பர்சிலேயே வைத்துக்கொண்டான்.

அவசரங்கள் வந்தன. புது போன் ஒரு அவசரம். ஆபீஸ் நண்பர்களோடு கோவா போனது இன்னொரு அவசரம். பதினாலு மாதத்தில் நான்கு கார்டுகளில் இரண்டு லட்சத்து நாற்பதாயிரம் ஏறிவிட்டது. லோனும் அப்படியே இருந்தது. அடுத்தடுத்து இரண்டு மாதம் லோன் தவணை தவறியது.

போன் வர ஆரம்பித்தது. அழைத்த பெண் தன் பெயர் நேஹா என்றாள். மணிமணியான ஆங்கிலம், நடுநடுவே சுத்தமான கன்னடம். பாக்கியராஜும் தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் பதில் சொன்னான். முதல் தடவை சம்பளம் தாமதம் என்றான். இரண்டாவது தடவை மாமனாருக்கு உடம்பு சரியில்லை என்றான். நவம்பர் இருபத்தெட்டாம் தேதி மூன்றாவது தடவை போன் வந்தபோது அவன் ஐந்தாவது மாடியில் அடைத்துக்கொண்ட ஒரு குழாய் முன்னால் நின்றிருந்தான். யோசிக்க நேரமில்லை. மாமனார் இறந்துவிட்டார் என்று சொல்லிவிட்டான்.

அந்தப் பக்கம் கீபோர்டு தட்டும் சத்தம் கேட்டது.

"உங்க ரெஃபரன்ஸ்ல இருக்கிற மிஸ்டர் வாசுவா சார்? பாலகாட்?"

"ஆமா மேடம். ஹார்ட் அட்டாக். திடீர்னு."

"ஆழ்ந்த அனுதாபங்கள் சார்" என்று சொல்லி நேஹா போனை வைத்தாள்.

ஒரு சாவுக்கு எப்படியும் பதினாறு நாள் கிடைக்கும் என்று பாக்கியராஜ் கணக்குப் போட்டான். மனசாட்சி உறுத்தியதா என்றால், உறுத்தவில்லை. வாசுவுக்கு அவனைக் கல்யாணத்தன்றே பிடிக்கவில்லை. இது அதற்கு ஒரு சின்னப் பதில் என்றுகூட நினைத்துக்கொண்டான்.

அடுத்த புதன்கிழமை காலை ரயிலில் அவனுக்கு எதிர் சீட்டில் ஒரு பெண் வந்து உட்கார்ந்தாள். முப்பது வயதிருக்கும். கழுத்தில் கம்பெனி அடையாள அட்டை. டிபன் பாக்ஸை மடியில் வைத்துக்கொண்டு அவனையே பார்த்தாள்.

"இன்னா அண்ணா, உங்க மாமனாருக்குக் காரியம் எப்போ?"

பாக்கியராஜ் கையில் இருந்த இட்லியைத் தன் டிபன் பாக்ஸிலேயே திரும்ப வைத்தான். குரல் தெரிந்த குரல்.

"நீங்க..."

"நேஹா. அது ஆபீஸ்ல வெச்ச பேரு. என் பேரு நளினி. பாலகாட்டுல உங்க மாமனாரு வூட்டுக்கு மூணாவது வூடு. நீங்க அவர சாகடிச்ச அன்னிக்கிக் காலைல அவருதான் எங்கம்மாவுக்கு கேஸ் சிலிண்டர் மாட்டிக் குடுத்துட்டுப் போனாரு."

பாக்கியராஜ் சுற்றும்முற்றும் பார்த்தான். பக்கத்தில் இருந்தவர் தூக்கத்தில் இருந்தார். "கொஞ்சம் மெதுவா பேசும்மா. தெரிஞ்சிகினு அன்னிக்கே சொல்லியிருக்கலாமே?"

"எப்படிச் சொல்றது? காலெல்லாம் ரெகார்டு ஆவுது. நீங்க இன்னா சொல்றீங்களோ அத்த நான் டைப் பண்ணியே ஆவணும். ரெஃபரன்ஸ் இறந்துட்டாருன்னு டைப் பண்ணேன். சிஸ்டம் இப்போ புது ரெஃபரன்ஸ் கேக்குது. சனிக்கிழமை ஒரு ஆளு வருவாரு."

"எங்க வூட்டுக்கா?"

"இல்ல. செத்தவரு வூட்டுக்கு."

மூன்று நாளில் பாக்கியராஜ் போட்ட திட்டம் இதுதான்: சனிக்கிழமை காலையிலேயே மாமனாரையும் மாமியாரையும் வீட்டைவிட்டுக் கிளப்பிவிட வேண்டும். ராபர்ட்சன்பேட்டை தியேட்டரில் ஐந்து டிக்கெட் போட்டான். அதுவும் கார்டில்தான். ஷோபாவுக்கு இரண்டாவது சனிக்கிழமை விடுமுறை. அவளையும் சோனியாவையும் கூட்டிக்கொண்டு பத்து மணிக்கெல்லாம் பாலகாட் போய்ச் சேர்ந்தான்.

வாசு பெரிய இன்ஜினியரிங் தொழிற்சாலையில் முப்பத்தாறு வருஷம் லேத் மெஷினில் நின்று ஓய்வு பெற்றவர். ஒரு நூலிழை வித்தியாசத்தையும் கண்ணால் கண்டுபிடிப்பவர். கூடத்தில் ஜன்னலோரம் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"மாமா, கெளம்புங்க. எல்லாரும் படத்துக்குப் போலாம்."

வாசு பேப்பரை மடித்தார். "மாப்ள, கல்யாணம் ஆகி பன்னெண்டு வருஷம் ஆச்சி. இதுவரைக்கும் எனக்கு ஒரு டீ வாங்கிக் குடுத்தது இல்ல. இன்னிக்கி இன்னா?"

"சும்மாதான் மாமா. ஒரு சந்தோஷத்துக்கு."

"சந்தோஷமா எனக்கு இங்கயே காத்து வருது. நீங்க போய்ட்டு வாங்க."

பாக்கியராஜ் கெஞ்சினான். ஓட்டல் சாப்பாடும் உண்டு என்றான். கெஞ்சக் கெஞ்ச வாசு நாற்காலியில் இன்னும் நன்றாகச் சாய்ந்துகொண்டார். அப்போது ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது. இறங்கியவன் ரூபேஷ். அவனை லோன் விற்கும் வேலையிலிருந்து வசூலுக்கு மாற்றி எட்டு மாதம் ஆகியிருந்தது. விற்றவனே வசூலிக்க வேண்டும் என்பதில் பேங்குக்கு எந்தச் சங்கடமும் இல்லை. ஜன்னல் வழியாக அவனைப் பார்த்ததும் பாக்கியராஜ் வீட்டின் பின்பக்கம் போய் பாத்ரூமில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டான்.

ரூபேஷ் செருப்பைக் கழற்றிவிட்டு, முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு உள்ளே வந்தான்.

"வாசு சார் வூடு இதானுங்களா பெரியவரே?"

"இதான். இன்னா வேணும்?"

"பேங்க்லேர்ந்து வரேன். அவரு போனது ரொம்ப வருத்தமான விசயம். இன்னிக்கி எத்தினாவது நாளு?"

"எங்க போனாரு?"

ரூபேஷ் குழம்பினான். "அதான்... தவறிட்டாருன்னு எங்க சிஸ்டத்துல கீது. நவம்பர் இருபத்தெட்டு."

"நவம்பர் இருபத்தெட்டு நான் பென்ஷனுக்கு உயிரோட கீறேன்னு சர்டிபிகேட் குடுக்க லைன்ல நின்னுகினு இருந்தேன். ரெண்டு மணி நேரம்." வாசு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "யாரு சொன்னது?"

ரூபேஷ் சொல்லத் தயங்கினான். ஷோபா கூடத்துக்கு வந்திருந்தாள். அவன் கையில் இருந்த காகிதத்தை அவள் வாங்கிப் படித்தாள். மேலே கணவன் பெயர். கீழே நாலரை லட்சம். அதற்குக் கீழே அப்பாவின் பெயரும், பெயருக்குப் பக்கத்தில் இறந்துவிட்டார் என்ற குறிப்பும். அவள் இரண்டு தடவை படித்தாள். பிறகு பின்பக்கம் போய் பாத்ரூம் கதவைத் தட்டினாள். குரலை உயர்த்தவே இல்லை.

"இன்னாங்க, வெளிய வாங்க. உங்கள நம்பி ஒருத்தரு துக்கம் விசாரிக்க வந்திகிறாரு."

தாழ்ப்பாள் திறக்க ஐந்து நிமிஷம் ஆனது. பாக்கியராஜ் முகம் கழுவிக்கொண்டு வந்து கூடத்தில் நின்றான். மாமியார் பார்வதம்மா சமையலறை வாசலில் நின்று, தன் தாலியை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டு, மருமகனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"எனக்கு இன்னா நோவுன்னு சொன்னீங்க மாப்ள?" வாசு கேட்டார்.

"ஹார்ட்டு, மாமா."

"கிட்னின்னு சொல்லியிருக்கணும். டயாலிசிஸ், அது இதுன்னு ஒரு வருஷம் இழுத்திருக்கலாம். ஹார்ட்டுன்னா ஒரே நாள்ல முடிஞ்சிடும். அதுலயும் பிளான் இல்ல உங்களுக்கு."

ஷோபா பர்சைக் கேட்டாள். கொடுத்தான். ஐந்து கார்டையும் எடுத்து மேசைமேல் வரிசையாக வைத்தாள். ஒவ்வொன்றிலும் எவ்வளவு என்று கேட்டாள். முதல் கார்டுக்கு இருபதாயிரம் குறைத்துச் சொன்னான். போனைக் காட்டச் சொன்னாள். காட்டினான். பிறகு குறைக்கவில்லை.

ரூபேஷுக்கு இந்த இடத்தில் பழைய வேலை ஞாபகம் வந்துவிட்டது. "அக்கா, இதுக்கெல்லாம் வழி கீது. பாக்கி ரெண்டு தவணையக் கட்டிட்டா கொஞ்ச நாள்ல டாப்-அப் போட்டுடலாம். பழைய லோன், கார்டு எல்லாம் ஒன்னா சேத்து ஆறரை லட்சம். ஏழு வருஷம். மாசம் பதிமூணாயிரத்து அறுநூத்து அறுபதுதான். ஒரே கட்டு, நிம்மதி."

பாக்கியராஜின் முகத்தில் வெளிச்சம் வந்தது. "நானும் அதத்தான் யோசிச்சேன்" என்றான்.

ஷோபா போனில் பெருக்கினாள். "பதினொன்னரை லட்சம் வருது ரூபேஷ். ஏழு வருஷம்னா சோனியா காலேஜ் போற வரைக்கும்."

"இல்லக்கா, வட்டி கம்மி..."

"வட்டி கம்மிதான். போன தடவையும் கம்மிதான். உன் லோன் மேல தப்பு சொல்லல. மூடின கார்ட மறுபடி தேச்சது யாரு? இப்போ மறுபடி மூடினா மறுபடி தேய்ப்பாரு. உனக்கு இன்னா, நீ மறுபடி வருவே." அவள் அவன் காகிதத்தைத் திருப்பிக் கொடுத்தாள். "ரெண்டு தவணையும் பத்து நாள்ல வரும். டாப்-அப் வேணாம்."

ரூபேஷ் போன பிறகு பாக்கியராஜ் கடைசி முயற்சியாக மாமனாரைப் பார்த்தான். அவரிடம் ஓய்வுப் பணம் இருப்பது அவனுக்குத் தெரியும். "மாமா, நீங்க ஒரு ரெண்டு லட்சம் கைமாத்தா..."

"செத்தவங்கிட்ட கைமாத்து கேக்கக் கூடாது மாப்ள" என்று சொல்லிவிட்டு வாசு பேப்பரை விரித்தார்.

அந்த வாரமே புல்லட் போனது. டிவியும் போனது, அதை வாசல் வழியாக வெளியே எடுக்க நான்கு பேர் வேண்டியிருந்தது, வரிசை வீடுகள் மொத்தமும் வந்து வேடிக்கை பார்த்தன. புது போனையும் விற்று, இரண்டு தவணையைக் கட்டி, சின்னதாக இருந்த இருபத்தாறாயிரம் கார்டை முழுசாக அடைத்து, மிச்சத்தை அடுத்த கார்டில் போட்டாள் ஷோபா. சம்பளம் வந்த அன்றே அவனுடைய பணம் அவள் கணக்குக்கு மாறியது. அவன் கையில் வாரத்துக்கு ஐநூறு ரூபாய். வட்டி எந்தக் கார்டில் கூடவோ அதற்கு மிச்சம் பிடித்ததெல்லாம் போனது, மற்றதற்குக் குறைந்தபட்சம். லோன் தவணை அது பாட்டுக்குப் போனது. ஒரு தீபாவளிக்கு சோனியாவுக்கு மட்டும் துணி எடுத்தார்கள். இரண்டாவது தீபாவளிக்கும் அப்படியே. ஷோபா பள்ளியில் சாயங்காலம் டியூஷன் கணக்கையும் சேர்த்து எழுதினாள். அவள் முதுகுவலி அந்த வருஷம் ஆரம்பித்ததுதான், இன்னும் இருக்கிறது. அதைப் பற்றி எந்தக் கம்பெனியும் பில் அனுப்பவில்லை.

பதினெட்டு மாதத்தில் நான்கு கார்டும் தீர்ந்தன. லோன் மட்டும் இன்னும் இரண்டு வருஷத்துக்கு மேல் இருந்தது.

இந்தப் பதினெட்டு மாதத்தில் பாக்கியராஜ் திருந்தினான் என்று சொன்னால் ஷோபாவே சிரிப்பாள். அவன் செலவு செய்யவில்லை, செய்ய வழியில்லை. ஆனால் ரயிலில் அவன் பேச்சு மாறிவிட்டது. கார்டு வைத்திருக்கும் இளைஞர்களைப் பிடித்து உட்காரவைத்து, வட்டி விகிதம், தவணைக் காலம் என்று பங்காருபேட்டை தாண்டும்வரை வகுப்பெடுப்பான். "நான் ஒரு டிசிப்ளின்ல உட்கார்ந்து எல்லாத்தையும் குளோஸ் பண்ணேன் தம்பி" என்பான். எதிரே நளினி இருந்தால் மட்டும் பேச்சைக் கிரிக்கெட்டுக்கு மாற்றிவிடுவான்.

கார்டுகளை எழுதிக்கொடுத்து ரத்து செய்யும் வேலையை ஷோபா அவனிடமே விட்டாள், பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு. கடைசிக் கார்டு கம்பெனி லேசில் விடவில்லை. போனில் முக்கால் மணி நேரம். ஆண்டுக் கட்டணம் வேண்டாம் என்றார்கள். வரம்பை இரண்டு லட்சமாக்குகிறோம் என்றார்கள். பாக்கியராஜ் அந்த இடத்தில் ஷோபாவைத் திரும்பிப் பார்த்தான். அவள் அவனைப் பார்க்கவில்லை, கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"சார், எங்களை விட்டுப் போறதுக்கு என்ன காரணம்னு தெரிஞ்சிக்கலாமா சார்?" என்று அந்தக் குரல் கேட்டது.

பாக்கியராஜ் தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"வூட்டுல ஒத்துக்கல மேடம்" என்றான்.